ஒன்ராறியோவில் இலையுதிர்காலப் பண்ணைத் திருமணம்: முதன்முறை திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவின் ஸ்காபுரோவிலும் அருகிலுள்ள மார்க்கம் நகரிலும் உள்ள விருந்து மண்டபங்களைத் தவிர்த்து, நகருக்கு வெளியே ஒரு பண்ணையில், பார்ன் எனப்படும் பழைய மரக் கொட்டகையில், மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும் நாட்களில் திருமணம் செய்ய விரும்பும் தமிழ் இணையர் இப்போது உண்டு. விருப்பம் நல்லது. ஆனால் மண்டபத் திருமணத்துக்குப் பழகிய குடும்பத்துக்கு இது முற்றிலும் புதிய வேலை. மண்டபத்தில் வெப்பம், வெளிச்சம், சமையலறை, கழிப்பறை, வாகனத் தரிப்பிடம் ஆகிய யாவும் ஏற்கெனவே இருக்கும். நாம் அலங்காரத்தையும் ஆட்களையும் கொண்டு போனால் போதும். பண்ணையில் நிலைமை நேர்மாறானது. அலங்காரத்தில் பெரும்பகுதியைப் பருவமே செய்து வைத்திருக்கும்; மற்ற அனைத்தையும் நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். எனவே செலவும் அதற்கேற்பத் திரும்ப வேண்டும்: பூவுக்கும் துணிக்கும் வைத்த பணத்தில் ஒரு பங்கை வெப்பத்துக்கும் விளக்குக்கும் போக்குவரத்துக்கும் மாற்றுவோரின் திருமணமே விருந்தினர் மனம் நிறைந்து வீடு திரும்பும் திருமணமாக அமைகிறது.

நாளைக் குறித்தல்

முதல் முடிவு நாள். தமிழ்ச் சைவக் குடும்பங்களுக்கு இதில்தான் மிகப் பெரிய சிக்கலும் இருக்கிறது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள கலிடன், ஹால்ற்றன் குன்றுகளில் சர்க்கரை மேப்பிள் நிறம் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் உச்சத்தை அடைகிறது. வடக்கே அல்கொன்குயின் பூங்காவிலும் மஸ்கோகாவிலும் அது இன்னும் முந்தி, செப்டெம்பர் கடைசி வாரத்தை ஒட்டியே வந்துவிடுகிறது. ஆனால் செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் 17 அல்லது 18 வரை புரட்டாதி மாதம். நம்மவரில் பெரும்பாலோர் புரட்டாதியில் முகூர்த்தம் வைப்பதில்லை. ஐப்பசி பிறக்கும்போது நகருக்கு வடக்கே மரங்கள் பாதி உதிர்ந்திருக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இடத்தைத் தெற்கே நகர்த்துவது. நயாகராத் தீபகற்பத்திலும் ஈரி ஏரிக்கரையை ஒட்டிய நோர்ஃபோக் பகுதியிலும் ஏரியின் வெப்பத்தால் இலைகள் பிந்தியே நிறம் மாறும்; ஒக்டோபர் பிற்பாதியிலும் அங்கே ஓக் மரங்கள் செம்பு நிறத்தில் நிற்கும். நோர்ஃபோக் ஒருகாலத்தில் கனடாவின் புகையிலை நிலம்; இன்று பூசணி விளையும் நிலம். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களை அறிந்த முதியவர்களுக்கு அங்குள்ள பழைய புகையிலை உலர்த்தும் குடில்களே ஒரு பேச்சுப்பொருளாகும். இரண்டாவது வழி, முகூர்த்தத்தை ஆவணியிலோ ஐப்பசியிலோ கோவிலில் முடித்து, வரவேற்பை மட்டும் பண்ணையில் இலைநிறம் உச்சத்தில் இருக்கும் வார இறுதியில் வைப்பது. மூன்றாவது, இலைகளின் உச்சத்தை விட்டுவிட்டு அறுவடைக் காலத்தையே அலங்காரத்தின் கருவாக எடுப்பது. பூசணி, சோளத்தட்டை, செவ்வந்தி, அப்பிள் ஆகியவை ஐப்பசி முழுவதும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வழிதான். இலையை நம்பினால் ஒரே இரவுக் காற்று அனைத்தையும் உதிர்த்துவிடக்கூடும், பூசணி அப்படி ஏமாற்றுவதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் மாதம் பாராதவர்களுக்கும் இந்தச் சிக்கலே இல்லை. அவர்கள் நேராக ஒக்டோபர் முதல் வாரத்தைப் பார்க்கலாம்.

ஐப்பசியிலும் நாள் பார்க்கும்போது விரதங்களை மறக்கக்கூடாது. கேதாரகௌரி விரதம் 21 நாட்கள் நடந்து ஐப்பசி அமாவாசையில் நிறைவடைகிறது. அதன் மறுநாள் முதல் ஆறு நாட்கள் கந்தசஷ்டி. இந்நாட்களில் வீட்டின் மூத்த பெண்கள் பலர் நோன்பில் இருப்பார்கள். விருந்தில் அவர்களால் உண்ண முடியாத நாளைத் தேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, இரு வீட்டாரும் பஞ்சாங்கத்தை ஒன்றாக வைத்துப் பார்ப்பது நல்லது. ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை கனடாவின் நன்றியறிதல் நாள் ஆகையால், அந்த நீண்ட வார இறுதியில் நெடுஞ்சாலைகளில் நெரிசலும் விடுதிகளில் இடத்தட்டுப்பாடும் இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நிறம் எப்போது உச்சமடையும் என்பதை ஆண்டுக்கு முன்பே சொல்ல இயலாது. மஞ்சள் நிறமி இலையில் கோடையிலும் இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் அது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியன்று; வெயிலுள்ள பகலும், உறைநிலைக்குச் சற்று மேலான குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால்தான் இலை அதை நிறையத் தயாரிக்கும். ஆகவே மஞ்சள் ஏறக்குறைய உறுதி, சிவப்பு வானிலையின் கையில். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள் பருவத்தில் வெளியிடும் இலைநிற அறிக்கையை முந்திய ஆண்டே தொடர்ந்து பார்த்து, நீங்கள் விரும்பும் பகுதி எந்த வாரத்தில் எப்படி இருந்தது என்று குறித்து வைப்பது பயன் தரும். செப்டெம்பர், ஒக்டோபர் சனிக்கிழமைகள் மிக விரைவில் பதிவாகிவிடுவதால், ஓராண்டுக்கும் மேலாக முன்னரே தேடத் தொடங்குங்கள். வெள்ளியோ ஞாயிறோ ஏற்றதென்றால் தெரிவு பெருகும், வாடகையும் பெரும்பாலும் குறையும்.

கொட்டகையைப் பார்க்கப் போகும்போது

எண்ணிக்கையை முதலில் பேசுங்கள். நம் திருமணங்களுக்கு நானூறு, ஐந்நூறு பேர் வருவது வழக்கம்; கொட்டகைகளில் பெரும்பாலானவை நூறு முதல் இருநூறு பேரைத்தான் தாங்கும். அந்த உச்ச எண்ணிக்கை உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. தீயணைப்பு விதிப்படி வாசல்களின் எண்ணிக்கையும் அகலமும் பார்த்து வகுக்கப்பட்டது. அழைப்பிதழ்ப் பட்டியலைச் சுருக்க முடியாத குடும்பம், கோவிலில் அனைவரையும் அழைத்து முகூர்த்தமும் மதிய உணவும் கொடுத்து, பண்ணைக்கு நெருங்கிய உறவினரையும் நண்பரையும் மட்டும் அழைப்பதே மனக்கசப்பில்லாத ஏற்பாடு. எவரையும் விட்டுவிட்டதாக அது தோன்றாது.

அடுத்து ஆவணம். வேளாண்மைக்காகக் கட்டிய கட்டடத்தை மக்கள் கூடும் இடமாக மாற்ற, ஒன்ராறியோக் கட்டட விதிகளின்படி பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். அது பெறாமல் திருமணங்களை நடத்தும் கொட்டகையை நகராட்சி எந்நேரமும் மூடச் சொல்லலாம். முற்பணம் கொடுத்த பின் அந்தச் செய்தி வந்தால் மாற்றிடம் கிடைக்காது. எனவே அனுமதிப் பத்திரத்தைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒழுங்காக நடத்துவோர் மகிழ்ச்சியுடன் காட்டுவார்கள். அத்துடன் இரவு இசையை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், கழிப்பறைகள் எத்தனை, மின்சாரம் எவ்வளவு தாங்கும், வெப்பமூட்டல் உண்டா என்பவற்றையும் எழுத்தில் பெற வேண்டும்.

கட்டடத்தின் அமைப்பையும் கவனியுங்கள். ஒன்ராறியோவின் பழைய கொட்டகைகள் பல ஒரு சரிவில் கட்டப்பட்டவை: கீழே கல்சுவருடன் மாட்டுத்தொழுவம், மேலே மண்சாய்வு வழியாக வண்டி ஏறிவரும் மரத்தளம். அந்த மேற்தளத்தின் நடுப்பகுதிதான் முன்பு கதிர் சூடடித்த இடம். எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள் அங்கிருப்பதற்குக் காரணம், காற்று ஊடுருவிப் பதரைத் தூற்ற வேண்டும் என்பதே. இன்றும் காற்று அப்படியே ஊடுருவும். ஆகவே மணவறையையோ முதியோர் அமரும் மேசைகளையோ இரு கதவுகளுக்கும் இடைப்பட்ட நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். பக்கவாட்டில் வைத்து, காற்று வரும் பக்கத்துக் கதவை மூடச் சொல்லுங்கள். மண்சாய்வு வழியாகச் சக்கர நாற்காலி ஏறிவிடும் என்பது இந்த அமைப்பின் ஒரு நன்மை. முடிந்தால் உங்கள் திருமண நாளுக்கு ஓராண்டு முன், அதே வாரத்தில், அதே மாலை நேரத்தில் இடத்தைப் போய்ப் பாருங்கள். ஜூனில் பார்த்து ஒக்டோபருக்குப் பதிவு செய்தவருக்கு, பகல் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்பது தெரியவே தெரியாது.

ஓமத்தீயும் குத்துவிளக்கும்

நூறாண்டு கடந்த உலர்ந்த மரம், அதன் இடுக்குகளில் வைக்கோல் தூசி, பக்கத்தில் வைக்கோல் கட்டுகள்: இத்தகைய இடத்தில் திறந்த தீ அனுமதிக்கப்படாது, அனுமதித்தாலும் வைக்கக்கூடாது. ஓமம் வளர்த்துத் தாலி கட்டுவது உங்கள் முறையெனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னரே இதைப் பேசித் தீர்க்க வேண்டும். கொட்டகைக்கு வெளியே, சரளைக்கல் பரப்பிய வெட்டவெளியில், கட்டடத்திலிருந்தும் கூடாரத் துணியிலிருந்தும் போதிய தூரத்தில் ஓமகுண்டத்தை மணல் நிரப்பிய தட்டின் மீது வைத்து, அருகில் தீயணைப்பானுடன் ஒருவரை நிறுத்தினால் சில உரிமையாளர்கள் சம்மதிப்பார்கள். திறந்தவெளித் தீக்கு அந்த ஊராட்சியின் அனுமதி தேவையா என்பதையும் விசாரிக்க வேண்டும். ஒக்டோபர் காலையில் புல் பனியில் நனைந்திருக்கும். வெப்பம் 6 பாகையைச் சுற்றி இருக்கக்கூடும். அந்தக் குளிரில் ஐயரும் மாப்பிள்ளையும் மேலாடையின்றி இரண்டு மணிநேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனது உறுதியான கருத்து இதுதான்: காலை முகூர்த்தம் வைப்பவர்கள் ஓமத்தைக் கோவிலில் நடத்திவிட்டு, பண்ணையில் மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், ஆசி பெறுதல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளட்டும்.

குத்துவிளக்கைக் கொட்டகைக்குள் ஏற்றுவதற்கும் தனியே அனுமதி கேட்க வேண்டும். கிடைத்தால், துணித் திரையும் உலர் மலரும் இல்லாத இடத்தில், அசையாத பலகை மீது வைத்து, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். மற்ற மேசைகளில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். மின்கலத்தில் எரியும் விளக்குகள் போதும். அட்சதை பற்றியும் கேளுங்கள். மரத்தளத்தில் சிந்திய அரிசி வழுக்கும், எலியை வரவழைக்கும். மஞ்சள் பழைய மரத்தில் கறையாகும். பூவிதழ்களுடன் ஒரு கைப்பிடி அரிசியைக் கலந்து, தூவும் இடத்தில் ஒரு விரிப்பைப் போட்டால் இரு தரப்புக்கும் நிறைவு.

பகலும் குளிரும்

ரொறன்ரோப் பகுதியில் செப்டெம்பர் இறுதியில் மாலை 7 மணியளவில் மறையும் சூரியன், ஒக்டோபர் நடுப்பகுதியில் 6.35 அளவிலும் ஒக்டோபர் கடைசியில் 6.10 அளவிலும் மறைகிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னுக்குப் போவதால், அதன் பின் 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இலைநிறம் படத்தில் நன்றாக விழுவது சூரியன் மறைவதற்கு முந்திய ஒரு மணிநேரத்தில்தான். எனவே நிகழ்ச்சி ஒழுங்கைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: ஒக்டோபர் 24 எனில், 3 மணிக்குச் சடங்கு, 4 மணிக்குக் குடும்பப் படங்கள், 5 முதல் 6 வரை மணமக்கள் படம், பின்னர் விருந்து. நம்மவர் நிகழ்ச்சிகள் ஒரு மணிநேரம் பிந்தித் தொடங்குவது இங்கே பெருங்குறையாக முடியும். பிந்தினால் பணம் கொடுத்து வாங்கிய அந்தப் பருவமே படத்தில் இல்லாமல் போய்விடும். அழைப்பிதழிலேயே சூரியன் மறையும் நேரத்தை அச்சிட்டுவிடுவது, எல்லோருக்கும் காரணம் புரியும்படி நேரத்தைக் கேட்டுக்கொள்ளும் ஒரு மரியாதையான வழி.

குளிரைப் பொறுத்தவரை, சேலை கட்டிய பெண்களும் வேட்டி கட்டிய ஆண்களும்தான் முதலில் நடுங்குவார்கள். வெப்பமில்லாத கொட்டகையை ஒக்டோபர் 10க்குப் பிறகு தெரிவு செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. தற்காலிக வெப்பமூட்டிகளை வாடகைக்கு எடுப்பதென்றால், எரிவாயுவில் எரியும் வெளிப்புற வெப்பமூட்டியை மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் வைக்கக்கூடாது. தீயும், கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவும் இரண்டும் ஆபத்து. இயந்திரத்தை வெளியே வைத்து, சூடான காற்றைக் குழாய் வழியாக உள்ளே அனுப்பும் வகையைக் கேளுங்கள். வாசலில் ஒரு பெரிய பிரம்புக் கூடையில் கம்பளிச் சால்வைகளை அடுக்கி வையுங்கள். அது அலங்காரமாகவும் அமையும், மாலைக்குள் கூடை காலியாகிவிடும். 60 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கூடாரம் போடுவதாயின் நகராட்சியின் கட்டட அனுமதி வேண்டும். கூடார நிறுவனம் அதைப் பெற்றுத் தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாகனங்கள் பெரும்பாலும் அறுத்த வயலில் நிறுத்தப்படும். முதல்நாள் மழை பெய்தால் அது சேறு. வழியெங்கும் விளக்கு வேண்டும், சேலைக் கரை நனையாமல் நடக்கப் பலகையோ சரளையோ வேண்டும், அழைப்பிதழில் குதிகால் செருப்பைத் தவிர்க்கும்படி ஒரு வரி வேண்டும். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகளை வார இறுதியில் வாடகைக்குப் பெறலாம். ஸ்காபுரோவிலோ மார்க்கத்திலோ ஒரு பொது இடத்திலிருந்து விருந்தினரை ஏற்றிவந்து திரும்பக் கொண்டுபோய் விட்டால், இருண்ட நாட்டுப்புறச் சாலையில் எவரும் வாகனம் ஓட்ட வேண்டியதில்லை. பேருந்து இல்லாத திருமணத்தில் முதியோர் இரவு எட்டு மணிக்கே வீடு திரும்ப எழுந்துவிடுவார்கள்.

அலங்காரம்: பருவம் தருவதை எடுத்தல்

கொட்டகையை மறைக்காதீர்கள் என்பது முதல் விதி. கோடரியால் செதுக்கிய உத்தரங்களும், ஆணியின்றி மரமுளையால் பொருத்திய இணைப்புகளும் எந்த வாடகைத் திரையையும்விட அழகானவை. மண்டபத்துக்குச் செய்வதுபோல் வெள்ளைத் துணியால் சுவரை மூடி, ஊதா விளக்குப் பாய்ச்சினால், அங்கே போனதற்கே பொருளில்லை. உத்தரங்களின் நெடுகிலும் இளமஞ்சள் நிறச் சிறு விளக்குச் சரங்களைத் தொங்கவிடுவது ஒன்றே போதும். பழுப்பு மரத்தின் முன் கூறைச்சேலையின் சிவப்பும் சரிகையும் தாமாகவே ஒளிரும்.

இரண்டாம் விதி, அரைமணிநேரப் பயணத் தூரத்தில் அந்த வாரம் என்ன விளைகிறது என்று கேட்டு அதை வாங்குவது. பூசணி இவற்றில் முதன்மையானது. செதுக்காத பூசணி குளிர்ந்த இடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் கெடாது; செதுக்கியது சில நாட்களில் அழுகும், அத்துடன் ஹலோவீன் சாயலும் வந்துவிடும். ஆகவே செதுக்க வேண்டாம். செம்மஞ்சள் நிறப் பெரியவை வாசலிலும் மண்சாய்வின் இருபுறத்திலும், வெண்ணிறமும் சாம்பல்பச்சையுமான தட்டையான வகைகள் மேசையிலும், கைக்குள் அடங்கும் சிறியவை விருந்தினர் பெயரட்டையைத் தாங்கவும் பொருந்தும். பூசணியைப் பூச்சாடியாக்க விரும்பினால், முதல்நாள் மாலையே குடைந்து, உள்ளே தண்ணீர்க் குவளை ஒன்றை இறக்கி அதில் பூவை வையுங்கள்.

உலர்ந்த சோளத்தட்டைக் கட்டுகளைக் கதவுத் தூண்களில் நிமிர்த்திக் கட்டினால், பொங்கலுக்குக் கரும்பு கட்டிய வாசலைப் போலவே தோன்றும். நம் முதியவர்கள் அதைக் கண்டதும் வீட்டுத்தன்மையை உணர்வார்கள். பலநிற மணிகள் கொண்ட அலங்காரச் சோளக்கதிர்களைக் கொத்தாகக் கட்டிக் கதிரைகளின் பின்புறத்தில் தொங்கவிடலாம். கோதுமைக் கதிர் வேண்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒன்ராறியோவின் கோதுமையில் பெரும்பகுதி இலையுதிர் காலத்தில் விதைத்து மறு ஆண்டு ஜூலையில் அறுவடையாவது. ஒக்டோபரில் போய்க் கேட்டால் வயலில் முளைதான் இருக்கும். ஆகவே ஜூலையிலேயே ஒரு விவசாயியிடம் சொல்லி, இயந்திரம் இறங்குமுன் சில கட்டுகளைக் கையால் அறுத்து நிழலில் தலைகீழாக உலர்த்தித் தரச் சொல்ல வேண்டும்.

பூக்களில் உறைபனியே எல்லையை வகுக்கிறது. டேலியா, சீனியா, சூரியகாந்தி, செண்டுமல்லி ஆகியவை முதல் கடும் உறைபனி வரை வயலில் பூத்துக் குலுங்கும். அந்த ஓர் இரவுக்குப் பின் கருகிவிடும். ரொறன்ரோவுக்கு வடக்கே அந்த இரவு ஒக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடலாம். எனவே ஒக்டோபர் பத்துக்கு முன்னான திருமணத்துக்கு டேலியாவை நம்பலாம். ஐப்பசித் திருமணத்துக்குச் செவ்வந்தியை நம்புங்கள். செவ்வந்தித் தொட்டிகளை மொட்டாக இருக்கும்போதே வாங்கி, குளிர்ந்த இடத்தில் வைத்து, நீரை நேரத்துக்கு ஊற்றிவந்தால் உரிய நாளில் மலரும். கோழிக்கொண்டைப் பூவை உள்ளூர்ப் பூப்பண்ணைகளும் விளைவிக்கின்றன. உலர்ந்த பின்னும் நிறம் குன்றாத அதன் செம்பட்டு நிறம் நம் சேலைகளுக்கு அவ்வளவு பொருத்தமானது. மணமாலைகளை வழக்கமான மாலைக்காரரிடமே வாங்குங்கள். மல்லிகை குளிரில் விரைவில் கருகும் என்பதால், வெளிப்புறப் படங்களுக்குச் செவ்வந்தியும் ரோசாவும் கலந்த மாலை ஏற்றது.

சிவந்த மேப்பிள் இலைகளைப் பறித்துவந்து மேசையில் தூவ விரும்பாதவர் இல்லை. பறித்த இலை ஒரே நாளில் சுருண்டுவிடும். கனமான புத்தகங்களின் இடையே ஒரு வாரம் வைத்து அழுத்தி, பின் உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து எடுத்தால் நிறமும் தட்டைத்தன்மையும் நிலைக்கும். கிளையோடு வேண்டுமானால் ஓக், பீச் போன்றவற்றின் கிளைகளைப் பச்சையாக இருக்கும்போதே வெட்டி, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு சுடுநீர் சேர்த்த கலவையில் இரண்டு, மூன்று வாரம் நிறுத்தி வைக்க வேண்டும். இலை பழுப்புநிறத் தோல்போல மென்மையாகி உதிராமல் இருக்கும். நிறம் மாறிய பின் வெட்டிய கிளை இந்தக் கலவையை உறிஞ்சாது.

காட்டில் போய்ச் சேகரிக்க நினைப்போருக்கு நான்கு எச்சரிக்கைகள். மாகாணப் பூங்காக்களில் செடி, கிளை எதையும் வெட்டி எடுப்பது சட்டப்படி தடை. உரிமையாளரின் அனுமதியுடன் தனியார் நிலத்தில் மட்டுமே சேகரியுங்கள். ஒக்டோபரில் மிக அழகாகச் சிவந்து மரத்தில் ஏறி நிற்கும் மூன்று இலைக் கொடியைத் தொடவே தொடாதீர்கள். அது பாய்சன் ஐவி எனப்படும் நச்சுக்கொடி, தொட்டால் தோல் கொப்புளிக்கும். ஐந்து இலைகளாகப் பிரிந்து சிவப்பது வேறு கொடி. செம்மஞ்சள் காய்களுடன் கூடிய கீழைநாட்டு பிட்டர்ஸ்வீட் கொடியும், ஃபிராக்மைட்டீஸ் எனப்படும் நாணலின் கதிரும் இங்குள்ள காடுகளையும் சதுப்புகளையும் அழித்துப் பரவும் அந்நியத் தாவரங்கள். வளையம் கட்டவோ சாடியில் வைக்கவோ அவற்றை எடுத்துச் சென்றால் விதை வழியெங்கும் சிந்தும். அவற்றை விட்டுவிடுங்கள். புல்லிலும் சருகிலும் நடந்து வந்தபின் கால்களில் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். வெப்பம் 4 பாகைக்கு மேல் இருக்கும் நாட்களில் கருங்கால் உண்ணிகள் இயங்கும், லைம் நோயைப் பரப்புவது அவையே. மணமக்களைச் சருகுக்குவியலில் அமர்த்திப் படமெடுக்கும் ஒளிப்படக் கலைஞரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

வைக்கோல் கட்டுகளை இருக்கையாக்குவது பண்ணைத் திருமணங்களில் வழக்கம். உலர்புல்லை விடுத்து, கதிர் நீக்கிய வைக்கோலையே கேளுங்கள்; தூசியும் ஒவ்வாமையும் குறைவு. சேலைச் சரிகை அதில் சிக்கும் என்பதால் தடித்த விரிப்பை மேலே போட வேண்டும். முதியோருக்கு வைக்கோல் கட்டு வேண்டாம், முதுகு சாயும் கதிரையே கொடுங்கள்.

சடங்குக்குரியவற்றை மட்டும் பருவத்துக்காக மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறைகுடத்தில் தேங்காயும் மாவிலையும் இருக்கட்டும். தேங்காய்க்குப் பதில் சிறு பூசணியை வைப்பது படத்துக்கு அழகாக இருக்கலாம், பெரியவர்கள் மனம் நோகும். வாசலில் வாழைமரம் கட்டுவதாயின் அன்று காலைதான் வெளியே கொண்டுவர வேண்டும். ஓர் இரவு உறைபனி பட்டால் இலை கருத்துவிடும். மணவறை நம் முறைப்படி இருக்க, அதைச் சுற்றிய வெளி ஒன்ராறியோவின் அறுவடையாக இருக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதற்கு இந்தப் பிரிவினை உதவும்.

உணவு

பல கொட்டகைகளில் சமையலறை இல்லை. உணவு வழங்குபவர் அங்கே வந்து இடத்தைப் பார்த்து, மின்சாரமும் தண்ணீரும் போதுமா, மின்பிறப்பாக்கி வேண்டுமா என்று சொல்ல வேண்டும். சமைத்துக் கொண்டுவரும் சூடான உணவு 60 பாகைக்குக் குறையாமல் வைக்கப்பட வேண்டும் என்பது மாகாண விதி; குளிர்ந்த கொட்டகையில் திறந்த தட்டங்கள் விரைவில் ஆறிவிடும் என்பதால், மூடியுள்ள சூடேற்றிகளை வலியுறுத்துங்கள். வந்து இறங்கும் விருந்தினருக்குச் சிறு கிண்ணத்தில் கொதிக்கும் இரசம் கொடுத்துப் பாருங்கள். குளிரில் அதைவிடச் சிறந்த வரவேற்பு இல்லை. இலங்கைக் கறுவாப்பட்டை போட்டுக் காய்ச்சிய அப்பிள் சைடர் குழந்தைகளுக்கும் பிடிக்கும். செப்டெம்பரில் குளவிகள் இனிப்பை மொய்க்கும் என்பதால் அதை மூடியே வையுங்கள். மரக்கறிகளில் பூசணிக் கூட்டும் வற்றாளைக் கறியும் பருவத்துக்கு உரியவை. விருந்தினர் கையில் கொடுத்தனுப்ப மக்கின்டொஷ் அப்பிள் ஒன்று போதும். ஜோன் மக்கின்டொஷ் என்பவர் 1811இல் ஒன்ராறியோவின் டண்டெலாவில் கண்டெடுத்த கன்றிலிருந்து வந்த இனம் அது, இந்த மண்ணின் பழம்.

பத்திரங்கள்

ஒன்ராறியோவில் திருமண அனுமதிப்பத்திரத்தைப் பெரும்பாலான நகராட்சி அலுவலகங்களில் பெறலாம்; மாகாணத்தின் எப்பகுதியிலும் செல்லும், ஆனால் 90 நாட்களுக்கு மட்டுமே. எனவே ஒக்டோபர் திருமணத்துக்கு ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ வாங்குங்கள். முந்திய திருமணம் கனடாவுக்கு வெளியே விவாகரத்தில் முடிந்திருந்தால் மாகாண அரசின் தனி ஒப்புதல் தேவைப்படும். அதற்குப் பல வாரங்கள் ஒதுக்குங்கள். திருமணத்தை நடத்தும் ஐயரோ போதகரோ மாகாணத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். கோவிலில் ஒருநாளும் பண்ணையில் ஒருநாளும் என்று பிரித்தவர்கள், சட்டப்படியான கையெழுத்து எந்நாளில் என்பதைத் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள். மதுவகை வழங்க, உரிமம் இல்லாத இடமெனில் சிறப்பு நிகழ்வு அனுமதி வேண்டும். வெளிப்புறமெனில் நகராட்சிக்கும் காவல், தீயணைப்பு, சுகாதாரத் துறைகளுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டியிருக்கும்.

கடைசி வாரமும் மறுநாளும்

ஐந்து நாட்களுக்கு முன் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, வெளியே நடத்துவதா உள்ளே நடத்துவதா என்ற முடிவை எந்த நாளில் எந்த மணிக்கு எடுப்பது, யார் எடுப்பது என்று நிர்ணயித்துவிடுங்கள். அந்த ஒருவர் மணமக்களாகவோ பெற்றோராகவோ இருக்க வேண்டாம். நிதானமான ஒரு மாமாவோ தோழியோ போதும். பூசணி, சோளத்தட்டை, வைக்கோல் ஆகியவற்றை இரண்டு நாள் முன்னரும், பூக்களை முதல்நாளும், வாழைமரத்தையும் மாலைகளையும் அன்று காலையும் இறக்குங்கள்.

மறுநாள் காலையில் இடத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தில் எத்தனை மணி என்று பார்த்து ஆட்களை ஒழுங்கு செய்யுங்கள். சாயம் பூசாத பூசணிகளைப் பண்ணையாளர் மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் போட மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொள்வார். சாயம் பூசியவை குப்பைக்குத்தான் போகும், எனவே பூசாமல் விடுவது மேல். வாடகை வைக்கோல் கட்டுகள் நனையாமல் திருப்பப்பட வேண்டும். செவ்வந்தித் தொட்டிகளைக் கோவிலுக்கோ அயலவர்க்கோ கொடுத்துவிடலாம். கையெழுத்திட்ட பத்திரத்தை ஐயர் மாகாணப் பதிவாளருக்கு அனுப்பிவிட்டாரா என்று அந்த வாரமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு நிறைவடைந்த பின்னர்தான் திருமணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும்.